அச்சு நின்ற இடத்தைத் தேடுங்கள்: பிழை கார்டு வேட்டைக்கு ஒரு முழு வழிகாட்டி

1957-ல் டாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட பேஸ்பால் ஆட்டக்காரர் ஹேங்க் ஆரோனின் கார்டில், எண் 20, படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. வலக்கை ஆட்டக்காரர் இடக்கைக்காரராக நிற்கிறார். எவ்வளவு பெரிய பிழை! ஆனாலும் அந்தப் பிழைக்கென்று யாரும் ஒரு காசு கூட்டித் தருவதில்லை. டாப்ஸ் அதைத் திருத்தவே இல்லை. உலகத்தில் இருக்கும் எல்லாப் பிரதியிலும் அதே பிழைதான். அந்தக் கார்டின் விலை ஆரோனுக்கு உரியது.

இன்னொரு பக்கம் 1990 டாப்ஸ் தொகுதியின் 414-ஆம் கார்டு, ஃபிராங்க் தாமஸ். சாதாரணப் பிரதியைச் சில்லறைக்கு வாங்கலாம். முன்பக்கத்தில் பெயர் அச்சாகாத பிரதியோ ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. அச்சகத்தில் ஏதோ கோளாறு நடந்து, யாரோ கவனித்து, சரிசெய்து, மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். சரிசெய்வதற்கு முன் வெளியே போனவை கொஞ்சம்தான். இந்த வேட்டையில் நாம் தேடுவது அச்சு நின்ற அந்த இடத்தைத்தான். பினாங்கில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படித் தேடுவது என்று பார்ப்போம்.

படி 1: எது எந்த வகை என்று பிரிக்கப் பழகுங்கள்

பட்டியல்களில் மூன்று குறிகள் அடிக்கடி வரும். யு.இ.ஆர். என்றால் திருத்தப்படாத பிழை. இ.ஆர்.ஆர். என்றால் பின்னால் திருத்தப்பட்ட பிழை. சி.ஓ.ஆர். என்றால் அந்தத் திருத்தப்பட்ட பிரதி. முதல் குறியைக் கண்டால் கதையாக ரசித்துவிட்டு நகர்ந்துவிடலாம். 1969 டாப்ஸ் 653-ல் ஆரேலியோ ரொட்ரிகேஸுக்குப் பதில் அணியின் பேட் எடுத்துக் கொடுக்கும் பையன் நிற்கிறான், அதுவும் திருத்தப்படவில்லை. நண்பர்களிடம் காட்டிச் சிரிக்க நல்ல கார்டு, அவ்வளவே.

இரண்டாவதும் மூன்றாவதும் ஜோடி. இதில் பலர் சறுக்குகிறார்கள்: பிழைப் பிரதிதான் எப்போதும் விலை கூடியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அச்சு எப்போது நின்றது என்பதைப் பொறுத்தது அது. அப்பர் டெக் நிறுவனத்தின் 1989 தொகுதியில் டேல் மர்ஃபி படம் இடவலம் மாறியது. சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள், ஆகவே பிழைப் பிரதி குறைவு. 1990 ஹூப்ஸ் கூடைப்பந்துக் கார்டுகளில் சாம் வின்சென்ட் கார்டு வேறு மாதிரி. அதில் பக்கத்தில் மைக்கேல் ஜோர்டன் 12-ஆம் எண் சட்டையில் நிற்கிறார். 1990 பிப்ரவரி 14 அன்று ஆர்லாண்டோவில் அவருடைய 23-ஆம் எண் சட்டை திருடுபோனதால் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு ஆடிய ஆட்டம் அது. பிற்பாடு வேறு படம் மாற்றினார்கள். ஆனால் ஜோர்டன் இருக்கும் பிரதிகள் மாற்றத்துக்கு முன்பே ஏராளமாக வெளியேறிவிட்டன. ஆசைக்கு வாங்கலாம், அரிது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

ஜோடி சில நேரம் பெரிய குடும்பமே ஆகிவிடும். 1989 ஃபிளீர் 616, பில்லி ரிப்கன். தோளில் சாய்த்திருக்கும் பேட்டின் அடிக்குமிழில் பேனாவால் எழுதிய கெட்ட வார்த்தை ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பயிற்சி பேட்டை அடையாளம் காணத் தானேதான் எழுதியதாகப் பல வருடம் கழித்து 2008-ல் ரிப்கன் ஒப்புக்கொண்டார். விஷயம் வெளியே வந்ததும் ஃபிளீர் பதறிப்போய் ஒவ்வொரு விதமாக மறைத்தது: கறுப்புப் பேனாக் கிறுக்கல், வெள்ளைக் கிறுக்கல், வெள்ளை மை அப்பியது, கடைசியாகக் கறுப்புப் பெட்டி. கறுப்புப் பெட்டி மலிவு. கெட்ட வார்த்தை தெரிவதும் அப்படி ஒன்றும் அரிதில்லை. இந்தக் குடும்பத்தில் உண்மையில் அரியது வெள்ளை மை அப்பிய பிரதி, அதாவது திருத்தங்களில் ஒன்று! எண்ணை மட்டும் பார்த்து ஒதுக்குபவர் கையில் அது சிக்கவே சிக்காது.

அப்புறம் நான்காவது வகை: நிறுவனமே வேண்டுமென்று செய்யும் மாற்றுப்படங்கள். ஒரே எண், ஒரே ஆட்டக்காரர், வேறு படம், குறைந்த அச்சு. இதைப் பிழை என்று அழைப்பது தவறு, ஆனாலும் தேடும் முறை ஒன்றுதான். டாப்ஸின் சமீபத்திய பேஸ்பால் தொகுதிகளில் பின்பக்க அடியில் எறும்பு எழுத்தில் ஒரு குறியீடு ஓடும். அதன் கடைசி எண்கள் சாதாரணக் கார்டுக்கு ஒன்று, மாற்றுப்படத்துக்கு வேறு. படத்தை நினைவில் வைத்திருக்கத் தேவையே இல்லை. கட்டைத் தலைகீழாக்கிக் கடைசி எண்களை மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதும்.

படி 2: அச்சகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கார்டு தனித்தனியாக அச்சாவதில்லை. பெரிய தாளில் மொத்தமாக அச்சாகி வெட்டப்படுகிறது. 1990 டாப்ஸில் 792 கார்டுகள்; தாளுக்கு 132 வீதம் 6 தாள். ஒரு கார்டில் மை விட்டுப்போயிருந்தால் அதன் அண்டை அயலாரிடமும் கொஞ்சம் விட்டுப்போயிருக்க வாய்ப்பு உண்டு. ஃபிராங்க் தாமஸ் விஷயத்தில் அதுதான் நடந்தது: அதே தாளில் சுற்றியிருந்த மற்ற ஆட்டக்காரர்களின் கார்டுகளிலும் கறுப்புக் கோடுகள் அங்கங்கே அறுந்திருக்கின்றன. இவை தாமஸ் அளவுக்கு யாருக்கும் தெரியாது. மலிவான பெட்டியில் கிடக்க வாய்ப்புள்ளவை இவைதான், ஆகவே என் கண் முதலில் இவற்றின் மேல்தான் போகும்.

நிறம் நான்கு தகடுகளில் வருகிறது: நீலம், செஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஒரு தகடு ஓடாவிட்டால் அந்த நிறம் அடியோடு இருக்காது. 1982 டாப்ஸில் கறுப்பு இல்லாத கார்டுகள் இருக்கின்றன. முன்பக்கத்தில் இருக்க வேண்டிய அச்சுக் கையெழுத்தே காணாமல் போயிருக்கும். தகடு நகர்ந்தால் படம் இரட்டையாகத் தெரியும். ஃபாயில் எழுத்து, அதாவது பளபளக்கும் உலோக எழுத்து, தனி வேலை, அது தவறினால் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். பின்பக்கம் வேறொரு தாளோடு மாறினால் முன்னால் ஒருவர், பின்னால் இன்னொருவர்.

இவற்றில் எவை விலை போகும்? ஒரே மாதிரி பல பிரதிகளில் திரும்பத் திரும்ப வந்து, பட்டியலில் பெயர் பெற்றவை. ஒரே ஒரு கார்டில் மைத்துளி சிந்தியது, வெட்டு கோணலானது எல்லாம் உற்பத்திக் குறைகள். அதை விரும்பிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலான கார்டுகளுக்கு அது மதிப்பைக் குறைக்கவே செய்யும்.

படி 3: ஒரு தொகுதியை மட்டும் பிடியுங்கள்

எல்லாவற்றையும் தேடுபவருக்கு எதுவும் அகப்படாது. 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் அமெரிக்க நிறுவனங்கள் அளவுக்கு மீறி அச்சடித்துத் தள்ளின. மலிவு, பிழை அதிகம், பழக ஏற்றது. காற்பந்துதான் பிடிக்கும் என்றால் பனினி உலகக் கிண்ண ஸ்டிக்கர்களில் ஒரு வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்புக்குப் பதிப்பு ஓரச்சட்டமும் பின்பக்கமும் மாறும், அதிலேயே பல மாதம் ஓடிவிடும். தேர்ந்தெடுத்த தொகுதியின் மாற்றுப் பட்டியலை, அதாவது எந்த எண்ணில் என்னென்ன வித்தியாசப் பிரதிகள் உண்டு என்பதை, இணையத்தில் உள்ள டிரேடிங் கார்டு டேட்டாபேஸிலிருந்து எழுதி எடுத்து, ஒரே பக்கமாகக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் இணையம் தேடிக்கொண்டு நின்றால் கடைக்காரர் உஷாராகிவிடுவார்.

படி 4: பையில் என்ன இருக்க வேண்டும்

10 மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், சிறு டார்ச், மெல்லிய பிளாஸ்டிக் உறைகள், சில கடின உறைகள், மில்லிமீட்டர் அளவுகோல். இவற்றையெல்லாம் விட முக்கியமானது ஒன்று உண்டு: நீங்கள் தேடும் தொகுதியிலிருந்தே ஒரு மலிவான, சந்தேகமில்லாத அசல் கார்டு. தாளின் நிறம், தடிமன், பளபளப்பு எல்லாவற்றையும் அதோடு ஒப்பிடலாம்.

படி 5: எங்கே தேடுவது

ஜார்ஜ் டவுனில் முதல் இடம் லோரோங் கூலிட். நகர அரங்கத்தை ஒட்டிய அந்தப் பழம்பொருள் சந்தை காலையில் களைகட்டி மதியத்துக்குள் கலைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். நாணயம், தபால்தலை, பழைய கைக்கடிகாரம் விற்பவர்கள் பக்கத்தில்தான் கார்டு ஆல்பங்களும் கிடக்கும். கார்டுக்கென்றே கடை போட்டவரைவிட, வீடு காலி செய்யும்போது மொத்தமாக வாங்கி வந்தவரிடம்தான் நமக்கு வாய்ப்பு. அவருக்கு ஜோர்டனைத் தெரியும், மெஸ்ஸியைத் தெரியும்; பேட் குமிழைப் பற்றித் தெரியாது.

ஒரு முறை அங்கே ஒருவரின் பாயில் குந்தி ஆல்பம் புரட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டுக் கேட்டார்:

"என்ன தம்பி, படம் முன்னாடி இருக்கு, நீங்க பின்னாடியே பார்க்கிறீங்க?"

"நம்பர் பார்க்கிறேன் அங்கிள், செட்ல எது குறையுதுன்னு."

"குறையறத மட்டும் எடுத்தா ஒண்ணு ரெண்டு வெள்ளி. ஆல்பத்தோட எடுத்தா முப்பது வெள்ளி, வேலை முடிஞ்சுது."

ஆல்பத்தோடு எடுப்பதுதான் நல்லது. ஒற்றைக் கார்டை உருவிக் கேட்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று விற்பவருக்குப் புரிந்து, விலை ஏறிவிடும். பேரம் பேசுங்கள், ஆனால் அவருக்கும் நாலு காசு நிற்கட்டும். அடுத்த வாரம் புதுப் பெட்டி வரும்போது முதலில் உங்களைத்தான் நினைத்துக்கொள்வார்.

கோலாலம்பூர் பக்கம் போனால் பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தையை ஒரு சுற்று பாருங்கள். அங்கே விற்பவர்களுக்கு விவரம் அதிகம், ஆகவே எதிர்பாராத லாபம் குறைவு. ஆனால் பேசினால் நிறைய கற்றுக்கொள்ளலாம். அதைவிட நல்ல சுரங்கம் நம் உறவுக்காரர் வீடுகள். 90-களில் பள்ளியில் படித்த மாமாவோ சித்தப்பாவோ கூடைப்பந்துக் கார்டு சேர்த்திருந்தால், மைலோ டின்னுக்குள் இன்னும் இருக்கும். தீபாவளிக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் இருப்பது என்ன விலை போகும் என்பதை அவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். சந்தை நியாயம் வேறு, குடும்ப நியாயம் வேறு.

இணையத்தில் தேடும்போது பிழை என்ற சொல்லைப் போட்டுத் தேடாதீர்கள். அந்தச் சொல்லை எழுதிய விற்பனையாளருக்கு விலையும் தெரியும், பல நேரம் இல்லாத விலையும் தெரியும். வருடம், நிறுவனம், கார்டு எண் மட்டும் போட்டு, வருகிற படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரோசெல், ஷோப்பி இரண்டிலும் "பழைய கார்டு மொத்தமாக" என்ற பாணி விளம்பரங்கள் இருக்கும். மங்கலான படம் போட்டவரிடம் மரியாதையாக இன்னொரு படம் கேளுங்கள், குறிப்பாகப் பின்பக்கம்.

படி 6: கட்டைப் பிரித்துப் பார்க்கும் முறை

வீட்டில் கை கழுவித் துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். முதலில் எண் வரிசையில் அடுக்குங்கள்; ஒரே எண் இரண்டு வந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளையாட்டுப் பக்கப் படப்புதிர் போல வித்தியாசம் தேடுங்கள். பெயர், அணி, ஆடும் இடம், சட்ட நிறம், பின்னணி விளம்பரம். பின்னணியை விட்டுவிடாதீர்கள்: 1989 ஃபிளீர் ராண்டி ஜான்சன் கார்டில், எண் 381, பின்னால் மார்ல்போரோ சிகரெட் பலகை தெரிகிறது. அதை நிறுவனம் படிப்படியாக இருட்டாக்கியதால் தெளிவாகத் தெரிவது, அரைகுறையாகத் தெரிவது, முழுதாக மறைந்தது என்று பல படிகள் உண்டு. ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு இது எந்தப் படி என்று சொல்வது கடினம். மூன்று நான்கு சேர்ந்தால் தானாகப் புரியும்.

இரண்டாவது சுற்றில் பின்பக்கம் மட்டும். மூன்றாவது சுற்றில் கார்டைச் சாய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, ஃபாயிலும் மேற்பூச்சும். 90-களின் பளபளப்புக் கார்டுகள் நம் ஊர் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகியிருக்கும். நகத்தால் நெம்பாதீர்கள். கட்டை இரு கையிலும் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் வளைத்தால் பல தானாக விடுபடும். விடாததை விட்டுவிடுங்கள்.

படி 7: அசலா, செய்ததா

பணம் இருக்கும் இடத்தில் கைவேலையும் இருக்கும். பெயர் இல்லாத ஃபிராங்க் தாமஸையே எடுத்துக்கொள்ளுங்கள். போலி செய்பவர் சாதாரணக் கார்டில் பெயர் எழுத்துகளை மட்டும் அழிக்கிறார். அசல் கோளாறுக்கு எழுத்து எது, கோடு எது என்று தெரியாது. அந்தப் பகுதியில் கறுப்புத் தகட்டில் இருந்த எல்லாமே போய்விடும். ஆகவே அசலில் பெயரோடு சேர்ந்து அங்கே ஓடும் மெல்லிய கறுப்புக் கோட்டின் துண்டுகளும் இருக்காது. எழுத்து மட்டும் சுத்தமாகப் போய், கோடெல்லாம் முழுசாக இருந்தால் கார்டைக் கீழே வைத்துவிடுங்கள். லென்ஸில் பார்த்தால் அழித்த இடத்தில் மேற்பூச்சு மங்கி, புள்ளிகள் தேய்ந்து, தாள் நார் எழும்பியிருக்கும்.

நிறம் இல்லாத கார்டு என்று விற்பவற்றில் பெரும்பாலானவை வெயிலில் வெளுத்தவை. மஞ்சளும் செஞ்சிவப்பும் சீக்கிரம் வெளுக்கும், நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். கண்ணாடி அலமாரியில் சில மாதம் நின்ற கார்டு நீலம் பாரித்துவிடும். லென்ஸில் பாருங்கள்: வெளுத்ததில் மங்கலாகவாவது மஞ்சள், சிவப்புப் புள்ளிகளின் சுவடு இருக்கும். தகடு ஓடாததில் அந்தப் புள்ளியே இருக்காது. உறையின் விளிம்பு மறைத்த ஓரத்தில் மட்டும் நிறம் பளிச்சென்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், வெயில்தான்.

ஓரத்தையும் பாருங்கள். 1957-இலிருந்து டாப்ஸ் வழக்கமாக்கிய அளவு 63.5க்கு 88.9 மில்லிமீட்டர்; அதற்குக் குறைவாக இருந்து விளிம்பு மட்டும் புதிதாகப் பளபளத்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். அச்சகக் கழிவுத் தாளைக் கையால் வெட்டி, அரிய பிழை என்று விற்பவர்களும் உண்டு. அது அச்சகத்திலிருந்தே வந்ததாக இருக்கலாம்; பாக்கெட்டில் வந்ததில்லை. விலை வேறு.

நிறுவனமே வெட்டியதும் இருக்கிறது, அது வேடிக்கை. 2006 டாப்ஸ் 297, அலெக்ஸ் கோர்டன். முதல் மேஜர் லீக் ஆட்டம் ஆடும் முன்னமே கார்டு போடக்கூடாது என்ற புது விதியை மீறி அச்சாகிவிட்டதால் டாப்ஸ் திரும்பப் பிடிக்கப் பார்த்தது. சில பாக்கெட்டுகளில் நடுவில் ஓட்டை போட்ட கார்டே வந்தது! அந்த ஓட்டைக்கும் காசு கொடுக்க ஆள் இருக்கிறது.

படி 8: விலை

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஈபேயில் விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டு, ஒரே தரத்தில் சில விற்பனைகளைப் பார்த்து நடுவில் நில்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது அஞ்சல் செலவோடு வரியையும் கூட்டுங்கள்: 2024 ஜனவரி 1 முதல் இணையம் வழி வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பத்து டாலர் கார்டு வீட்டு வாசலுக்கு வரும்போது என்ன விலை ஆகிறது என்று முதலிலேயே கணக்குப் போட்டால் பல ஆசைகள் அங்கேயே அடங்கும். முன்பின் தெரியாதவருக்கு நேரடியாக டுயிட்நவ் வழியாகப் பணம் அனுப்புவதைத் தவிருங்கள். தளத்துக்குள்ளேயே கட்டினால் தகராறு வரும்போது கேட்க இடமிருக்கும்.

படி 9: ஈரத்திலிருந்து காப்பது

பினாங்கில் கார்டின் முதல் எதிரி காற்றுதான். ஃபாயில் கார்டுகள் ஒரு பக்கம் ஈரம் குடித்து வில்லாக வளையும். பழைய பி.வி.சி. ஆல்பம் நாளடைவில் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டும்; ஆல்பத்தோடு வாங்கியதை அன்றே வெளியே எடுத்து மெல்லிய உறை, அதன்மேல் கடின உறை என்று மாற்றிவிடுங்கள். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரமானி. 50 விழுக்காட்டை ஒட்டி நின்றால் போதும். ஜெல்லை மாற்ற மறந்தால் டப்பா வைத்திருப்பதில் பயனில்லை.

படி 10: தரம் பார்க்க அனுப்புவதா

எல்லாவற்றையும் அனுப்பத் தேவையில்லை. கார்டின் நிலையைச் சோதித்து மதிப்பெண் தரும் பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் தாங்கள் அங்கீகரித்த மாற்றுகளை மட்டும் சீட்டில் பெயர் குறித்துத் தரும். அங்கீகாரம் இல்லாததற்குச் சாதாரணக் கார்டின் சீட்டுதான் கிடைக்கும். கோணல் வெட்டு, அச்சுக் குறை உள்ளவற்றுக்கு மதிப்பெண் பக்கத்தில் எம்.சி., பி.டி. போன்ற எழுத்துகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆகவே முதலில் அந்த நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் மாற்று இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கட்டணம், காப்பீடு, போகவர அஞ்சல் எல்லாவற்றையும் கூட்டி, தரம் பெற்ற விலையிலிருந்து கழியுங்கள். மிச்சம் கணிசமாக இருந்தால் அனுப்பலாம். படிவத்தில் மாற்றின் பெயரைப் பட்டியலில் உள்ளபடியே எழுதுங்கள். பேட் குமிழ், காணாத கோடு, பின்பக்க எண் என்று எது அடையாளமோ அதைக் கிட்டத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே பொட்டலத்தை ஒட்டுங்கள்.